பால்கனி வெளிச்சத்தில் பச்சை இஞ்சின்

பொன்னையா அண்ணாச்சி இஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து இரண்டு கைகளாலும் எடுத்தார், குளிப்பாட்டிய குழந்தையைத் துண்டில் வாங்குகிற மாதிரி. எடுத்தவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பால்கனிக் கதவை நோக்கி நடந்தார்.

அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். கற்பகம் மாமி, வக்கீல் தனசேகர், நான்.

வெளியே மயிலாப்பூரின் நாலு மணி வெயில். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். அது கிளம்புவதாக இல்லை.

"மாமி, கதவ முழுசாத் தொறங்க," என்றார் அண்ணாச்சி.

மாமி என்னைப் பார்த்தார். நான் தனசேகரைப் பார்த்தேன். தனசேகர், தன் கட்சிக்காரர் கூண்டில் ஏறி உண்மையைச் சொல்லப்போகிறார் என்று தெரிந்ததும் வக்கீல்கள் எங்கே பார்ப்பார்களோ அங்கே பார்த்தான். அதாவது மின்விசிறியை.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுப் பின்னால் போகப்போகிறேன். தொடர் எழுதுகிறவனுக்கு இருக்கும் ஒரே அதிகாரம் இது. வீட்டில் இதுகூடக் கிடையாது.

முழங்கால் போன விதம்

சென்ற வாரம் என் முழங்கால்களைப் பற்றி எழுதியிருந்தேன். வாசகர்கள் விதவிதமான தைலங்களைச் சிபாரிசு செய்திருக்கிறார்கள். நன்றி. ஆனால் அவை தேய்ந்ததற்கான காரணத்தை எழுத அப்போது இடமில்லாமல் போயிற்று. காரணம் ரயில்.

கற்பகம் மாமி கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவர். மகன் வெளிநாடு போனதும் அவன் அறையிலிருந்த கட்டிலைக் கழற்றி மாடிக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் மேஜை போட்டு, மேஜைமேல் தண்டவாளம் போட்டார். மலை, சுரங்கம், இரண்டு ஸ்டேஷன், மேலே மின்கம்பிகள். எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. மகன் விடுமுறைக்கு வந்தால் ஹாலில் படுத்துக்கொள்கிறான். "அவன் வருஷத்துக்கு ஒருதரம் வரான். வண்டி தினம் ஓடறது," என்பது மாமியின் வாதம். மறுக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் நாங்கள் நான்கு பேர் அங்கே கூடுவோம். தனசேகர் சைதாப்பேட்டை கோர்ட்டில் வக்கீல். நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கணக்கில் தோற்றவர்கள். பொன்னையா அண்ணாச்சி தி.நகரில் துணிக்கடை வைத்திருப்பவர். நான் பத்திரிகையில் இப்படி எதையாவது எழுதுகிறவன். மூன்று ஆண்களும் மாமியின் மேற்பார்வையில் ரயில் விடுவோம். கை கழுவாமல் யாரும் தண்டவாளத்தைத் தொடக் கூடாது. முறுக்கு, மிக்சர் எல்லாம் வாசலோடு நிற்க வேண்டும்.

மாடல் ரயில்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நின்றுகொண்டு பார்த்தால் அது பொம்மை. குந்தி உட்கார்ந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் பொருள் கிட்டே இருக்கிறதா, எட்ட இருக்கிறதா என்று மூளைக்குத் தெரிந்துவிடும். ஒரு கண்ணை மூடினால் அந்தக் கணக்கு தப்பிப்போகும். முன்னால் வருவது ஓர் அடி நீளப் பொருளில்லை, நூறு டன் இரும்பு என்று மூளை நம்பிவிடும்.

ஆகவே நாலு பேர் வரிசையாகக் குந்திக்கொண்டு, ஆளுக்கொரு கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். சிலிண்டர் கொண்டுவந்த ஒருவர் ஒருமுறை இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, கையெழுத்துகூட வாங்காமல் போய்விட்டார்.

முகம் உள்ள இஞ்சின்

எங்கள் கோயிலின் மூலவர் ஜி.ஜி.1.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னால் அமெரிக்காவில் பிறந்த மின்சார இஞ்சின் அது. நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. முதலில் செய்ததில் உடம்பு முழுக்க ஆணித்தலைகள் துருத்திக்கொண்டிருந்தனவாம், டிரங்குப் பெட்டி மாதிரி. யாரோ ஒரு புண்ணியவான், "இதைப் பற்றவைத்து மழமழவென்று ஆக்கினால் என்ன?" என்று கேட்டிருக்கிறார். ஆக்கினார்கள். அவ்வளவுதான், இரும்புக்கு உடல்வாகு வந்துவிட்டது.

நடுவில் டிரைவரின் அறை. அங்கிருந்து இரண்டு பக்கமும் மூக்கு நீண்டு, தாழ்ந்து, உருண்டு இறங்கும். எங்கேயும் ஒரு கூர்முனை கிடையாது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற ஆசாமியில்லை. "கொஞ்சம் வழி விடுங்க" என்று காற்றிடமே கேட்டுக்கொண்டு போகிற ஆசாமி. பக்கவாட்டில் ஐந்து தங்கக் கோடுகள் நெடுக ஓடிவந்து, மூக்குக்கு வந்ததும் ஒன்றையொன்று நெருங்கி, பூனை மீசை மாதிரி வளைந்து இறங்கும். நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுகிற மாதிரி இருக்கும் பொருள்கள் உலகில் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கிற மாதிரி இருப்பவன் என்று என்னை என் மனைவி சொல்வதுண்டு. நான் அந்த இஞ்சின்மேல் வைத்திருக்கும் மரியாதைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் எது முன்பக்கம் என்று ஒரு சின்ன எழுத்தை எழுதி வைத்திருப்பார்கள். மற்றபடி அது திரும்பவே வேண்டாம். வந்த வழியே அதே முகத்தோடு போகலாம். அந்தக் கௌரவம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

நானும் தனசேகரும் மாம்பலத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே வளர்ந்தவர்கள். எங்கள் ஊர் மின்சார இஞ்சின்கள் பீரோவைப் படுக்கப்போட்டு ஜன்னல் வைத்த மாதிரி இருக்கும். குறை சொல்லவில்லை. அவை உழைப்பாளிகள், முகத்தைப் பற்றிக் கவலைப்பட அவற்றுக்கு நேரமில்லை. ஒரு நாள் பழைய புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டினேன். நடுப் பக்கத்தில் ஜி.ஜி.1 மழையில் நனைந்துகொண்டு நின்றது. ஓர் இஞ்சினுக்கு இப்படியொரு முகம் தேவையே இல்லை. ஆனாலும் யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள். அந்தத் தேவையில்லாத மெனக்கெடலில்தான் நான் விழுந்தேன்.

என் மனைவி சுமதி ஒருமுறை விசாரணை நடத்தினாள்.

"அத நேர்ல பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"இப்ப ஓடுதா?"

"இல்ல. மியூசியத்துல நிக்குது."

"அதாவது, பாக்காத ஊர்ல, ஓடாம நிக்கற வண்டிய, பொம்மையா செஞ்சு, குந்திக்கிட்டுப் பாக்கறீங்க."

"ஒரு கண்ண மூடிக்கிட்டு."

சில பதில்களுக்குக் குறுக்கு விசாரணை கிடையாது.

வாசல் வெளிச்சம்

எங்களுக்கு ஜி.ஜி.1 கிடைத்தது அண்ணாச்சியால். வெளிநாட்டில் யாரோ வேண்டாம் என்று விற்றதை வரவழைத்தார். மோட்டார் நன்றாக இருந்தது. உடம்பில் பெயின்ட் பாம்புச்சட்டை மாதிரி உரிந்திருந்தது. மிச்சத்தையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்பது என்று தீர்மானித்தோம்.

இங்கேதான் சிக்கல். ஜி.ஜி.1-இன் நிறம் சாதாரணப் பச்சை இல்லை. கறுப்பில் ஒரு சொட்டுப் பச்சை தவறி விழுந்த மாதிரி இருக்கும். நிழலில் கறுப்பு என்று சத்தியம் செய்யலாம். வெயில் பட்டால் மட்டும், "நான் பச்சை" என்று மெல்லச் சொல்லும். இந்த நிறத்தைப் பற்றி உலகெங்கும் மாடல் ரயில்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிநேகிதங்கள் முறிந்திருக்கின்றன.

எங்களுக்குச் சண்டை வரவில்லை. எங்களிடம் அண்ணாச்சி இருந்தார்.

தி.நகரில் அவர் கடைக்குப் போய்ப் பார்த்தால் இது புரியும். பெண்கள் புடவையோடு ரவிக்கைத் துணி சேருமா என்று கேட்பார்கள். விற்பனைப் பெண்கள் "சூப்பரா சேரும்க்கா" என்பார்கள். யாரும் நம்ப மாட்டார்கள். "அண்ணாச்சியக் கூப்பிடுங்க" என்பார்கள். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து வருவார். இரண்டையும் வாங்கிக்கொண்டு கடை வாசலுக்கு நடப்பார். தெரு வெளிச்சத்தில் கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு ஒரே சொல்தான். "சேரும்." அல்லது, "சேராது." அதற்குமேல் அப்பீல் கிடையாது. மயில் கழுத்து நிறத்தில் ஏழு வகை பிரிக்கிற கண் என்று பெயர். முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் அந்த ஒரு சொல்லுக்காகக் கே.கே. நகரிலிருந்தும் ஆழ்வார்பேட்டையிலிருந்தும் வருவார்கள்.

ஆகவே நிறத்தை அவரே கலந்தார். வீட்டு மொட்டை மாடியில் குட்டிக் குட்டி டப்பாக்களை வைத்துக்கொண்டு, தகரத் துண்டுகளில் அடித்து அடித்துப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இஞ்சினைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"சரியா வந்துட்டு பாத்துக்கிடுங்க," என்று துணியைப் பிரித்தார்.

நான் பார்த்தேன். எனக்கு அது நீலமாகத் தெரிந்தது.

கறுநீலம். போலீஸ் வேன் நீலம். ஆனால் நான் அந்த வாரம்தான் மூக்குக்கண்ணாடியை மாற்றியிருந்தேன். படிக்கட்டே எனக்கு இரண்டாகத் தெரிந்துகொண்டிருந்தது. கோளாறு என் பக்கம்தான் என்று முடிவு செய்து, "அடேயப்பா!" என்றேன். "அடேயப்பா"வில் நிறம் கிடையாது.

மாமி நெடுநேரம் பார்த்தார். "மயில் கழுத்துல அடங்கின மாதிரி நன்னா இருக்கு," என்றார். பௌதிகப் பேராசிரியர் இவ்வளவு ஜாக்கிரதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

தனசேகர் மட்டும், "செம பச்சை அண்ணாச்சி!" என்று கையைக் குலுக்கினான்.

மாமி அதன்மேல் ஐந்து தங்கக் கோடுகளைப் போட்டார். பழைய ஜியாமெட்ரி டப்பாவிலிருந்த கோடு போடும் பேனாவால், பூதக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, மார்கழி முழுவதும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓர் அங்குலம். பிறகு எழுந்துபோய் ஒரு கச்சேரி. வந்து அடுத்த அங்குலம். அந்த வருஷம் சபாக்களில் மாமி பாட்டைவிட அதிகமாகத் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி. முடிந்ததும் அண்ணாச்சியிடம் காட்டினார்.

"ஜரிக மாதிரில்லா இருக்கு மாமி!" என்றார் அண்ணாச்சி. "கண்ணுல ஒத்திக்கிடலாம்."

மாமி அன்று வெட்கப்பட்டார். அதையும் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வெளியாள் சாட்சி

பிறகு மாதக்கணக்கில் நாங்கள் நீல இஞ்சினை ஓட்டினோம். பச்சை என்றே பேசினோம். "இன்னிக்குப் பச்சை நல்லா எடுப்பா இருக்கு அண்ணாச்சி" என்றுகூட நான் சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன்.

ஒரு நாள் சுமதி என்னிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்தாள். அண்ணாச்சி போனில் பேச வெளியே போயிருந்தார். அவள் எட்டிப் பார்த்து, "ஐ, நீல இஞ்சின் அழகா இருக்கே!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இஞ்சின் மெல்ல உறுமிக்கொண்டு சுரங்கத்துக்குள் போயிற்று.

"உங்களுக்கும் நீலமாத்தான் தெரியறதா?" என்றார் மாமி மெதுவாக. "நான் டியூப் லைட்டுன்னு நெனச்சிண்டிருந்தேன்."

"நான் என் கண்ணாடின்னு நெனச்சேன். டேய் தனசேகர், நீ?"

"எனக்கு மொத நாளே நீலந்தான் மச்சி."

"அப்புறம் ஏன்டா செம பச்சைன்னே?"

"அண்ணாச்சியே பச்சைன்றாரு. நான் இன்னாத்த சொல்றது? ஜட்ஜு சொன்னா பகலே ராத்திரிதான். நான் தெனிக்கும் அத்தத்தான் பாத்துக்கினு கீறேன்."

மாமிக்குத்தான் விஷயம் புரிந்தது. கண்ணில் புரை முற்றினால் உள்ளேயிருக்கும் லென்ஸ் மஞ்சளாகிவிடும். மஞ்சள் கண்ணாடி வழியாக நீலத்தைப் பார்த்தால் பச்சையாகத் தெரியும். அண்ணாச்சி நிஜப் பச்சையைப் பார்த்திருந்தால் அது அவருக்குப் பழுப்பாகத் தெரிந்திருக்கும். நீலத்தைச் சேர்த்துச் சேர்த்து, தன் கண்ணுக்குப் பச்சை வரும்வரை கலந்திருக்கிறார்.

"அண்ணாச்சிக்குக் கண்ணுல புரை," என்றார் மாமி.

வள்ளியின் போன்

அதே வாரம் அண்ணாச்சியின் மகள் வள்ளி என்னைக் கூப்பிட்டாள். கடையை இப்போது அவள்தான் பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறாள்.

"சார், அப்பா நீங்க சொன்னா கேப்பாங்க. கண் ஆபரேஷனுக்கு வரமாட்டேங்கறாங்க. கண்ணத் தொட்டா கலர் போயிரும்னு பயம். வாசல்ல நின்னு சேரும்னு சொல்றாங்க, நான் பின்னாடியே போய் பில் போடற இடத்துல துணிய மாத்திக் குடுக்கறேன். எத்தன நாளைக்கு சார்? அன்னிக்கு ஒரு கல்யாணப் பொண்ணு கண்ணுல தண்ணி விட்டுட்டா. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. வேற யாராவது மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா, அதுக்கப்புறம் அப்பா அந்த வாசல்ல நிக்கவே மாட்டாங்க."

அந்த வாசலில் நிற்காத அண்ணாச்சியை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆக, நாங்கள் மூவரும் அவரிடம் பேசினோம். மாமி விஞ்ஞானம் சொன்னார். நான் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பெயர்களைச் சொன்னேன். கடைசியில் தனசேகர்தான் மடக்கினான்.

"அண்ணாச்சி, உங்களுக்குக் கலர் போவும்னு பயமா, இல்ல ஊசின்னா பயமா?"

"ஊசிக்கா? எனக்கா? என்னய்யா பேசுதீரு?"

"அப்போ வாங்க, காட்டுங்க."

வலது கண்ணுக்கு முதலில் என்று ஏற்பாடாயிற்று. இடது கண்ணுக்குச் சில வாரம் கழித்து. நல்ல காரியம் செய்த திருப்தியோடு மூவரும் தெருவில் இறங்கி நடந்தோம். மாட வீதித் திருப்பத்தில் மாமி திடீரென்று நின்றார்.

"அவர் கண்ணு சரியாயிடுத்துன்னா..."

"ஆயிடுச்சுன்னா?"

"இஞ்சினப் பாப்பாரே."

மஞ்சள் பல்பு

அடுத்த சில நாள்கள் நாங்கள் போட்ட திட்டங்களை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பச்சையாகப் பெயின்டை மாற்றி அடித்துவிடலாம் என்றேன். மாமி இஞ்சினின் மூக்கில் இறங்கும் கோடுகளை மட்டும் பார்த்தார். ஒரு மார்கழி முழுவதும் அதில் இருந்தது. நான் என் யோசனையை வாபஸ் வாங்கினேன்.

இஞ்சினை ஒளித்துவைத்துவிட்டு, ரிப்பேர் என்று சொல்லலாம் என்றால், ரிப்பேர் பார்க்கிறவரே அண்ணாச்சிதான். அதற்குள் வலது கண் ஆபரேஷனும் முடிந்துவிட்டது.

"மச்சி, இஞ்சின மாத்த முடியாது. கண்ணயும் மாத்தியாச்சு," என்றான் தனசேகர். "லைட்ட மாத்து."

மறுநாள் மாமியின் அறையில் டியூப் லைட்டுகள் இறங்கி மஞ்சள் பல்புகள் ஏறின. பால்கனிக் கதவில் கனமான திரை தொங்கியது. ஒரு மனிதருக்கு மஞ்சள் லென்ஸை எடுத்துவிட்டார்கள் என்பதற்காக நாங்கள் அறைக்கு மஞ்சள் லென்ஸ் மாட்டினோம். இஞ்சின் ஏறக்குறையக் கறுப்பாகத் தெரிந்தது. தயாள குணத்தோடு பார்த்தால் பச்சை.

"இதுக்குப் பேரு சயின்ஸ் இல்ல, ஃபிராடு," என்றார் மாமி. "ஆனா வேலை செய்யும்."

வாசலில்

அந்த ஞாயிறு அண்ணாச்சி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார், பழைய படத்து வில்லன் மாதிரி. அறைக்குள் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி, கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன மாமி, கல்யாண வீடு மாதிரி மஞ்ச பல்பு போட்டிருக்கீய?"

"அது... கண்ணுக்கு நல்லதுன்னு..."

அண்ணாச்சி குந்தி உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். இஞ்சின் சுரங்கத்திலிருந்து வெளியே வந்து, வளைவில் திரும்பி, எங்களை நோக்கி வந்தது. வழக்கப்படி எல்லோரும் ஒரு கண்ணை மூடினோம். அண்ணாச்சி இடது கண்ணை மூடினார். பிறகு வலது கண்ணை. மறுபடி இடது. எங்கள் வழக்கத்தில் அப்படி மாற்றி மாற்றி மூடுவது கிடையாது.

பிறகு வண்டியை நிறுத்தச் சொன்னார். எழுந்தார். நான் தொடக்கத்தில் சொன்னபடி இஞ்சினை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு பால்கனிக்கு நடந்தார். மாமி திரையை விலக்கிக் கதவைத் திறந்தார்.

தி.நகரில் கடை வாசலில் நிற்பாரே, அதே நிற்றல். கையை நீட்டிப் பிடித்தார். வெயில் இஞ்சினின் மூக்கில் விழுந்து வழிந்தது. கீழே ஸ்கூட்டர்காரர் உதைப்பதை நிறுத்தியிருந்தார். அண்ணாச்சி இஞ்சினை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"சேராது," என்றார்.

தனசேகர் மறுபடி மின்விசிறியைப் பார்த்தான்.

"நீலம். கறுநீலம். இத்தன மாசமா இதப் பச்சைன்னுல்லா சொன்னீய மூணு பேரும்?"

"அண்ணாச்சி, அது வந்து..." என்றான் தனசேகர். அவன் வாய்தா கேட்கிற குரல் அது.

"நீரு சும்மா இரும். சார், நீங்க சொல்லுங்க. கடையிலயும் இப்பிடித்தான, என்ன?"

எனக்கு எழுத்தில் வருகிற சாமர்த்தியம் பேச்சில் வராது. வள்ளி போன் செய்ததைச் சொன்னேன். பில் போடும் இடத்தில் துணி மாறியதைச் சொன்னேன். கல்யாணப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். அண்ணாச்சியின் முகம் சிறுத்துப்போயிற்று. இஞ்சினை அவர் இன்னும் நீட்டிப் பிடித்தபடியே இருந்தார்.

"வாசல்ல நின்னுக்கிட்டு... ராசா மாதிரி..." என்றார். "எல்லாம் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு, சரி சரின்னு..."

மாமி கிட்டே போனார். "தப்பு எங்க பேர்லதான். பாக்கற எல்லாரும் சொல்லியிருக்கணும். உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

அண்ணாச்சியின் பார்வை இஞ்சினின் மூக்கில் நின்றிருந்தது.

"மாமி," என்றார். குரல் மாறியிருந்தது. "இதுல கோடு அஞ்சா இருக்கு?"

"ஆமாம். அஞ்சுதானே."

"தனித்தனியா?"

"தனித்தனியாத்தான். ஏன்?"

"மயிரிழையில்லா எடவெளி! மூக்குல வந்து வளைஞ்சு... யம்மாடி!" இஞ்சினை இன்னும் தள்ளிப் பிடித்தார். "எனக்கு இது தெரியவே இல்லையே மாமி. ஏதோ மஞ்சளா மசமசன்னு ஒண்ணு ஓடுது, அவ்வளவுதான் தெரிஞ்சுச்சு."

மாமி இடுப்பில் கையை வைத்தார்.

"கண்ணுல ஒத்திக்கலாம்னேளே?"

அண்ணாச்சி தலையைக் குனிந்தார். "மார்கழி பூரா உக்காந்து போட்டிருக்கீய. தெரியலன்னா சொல்லுவாங்க?"

முதலில் சிரித்தது தனசேகர். "இன்னா அண்ணாச்சி! நாங்க உங்களுக்குப் பச்சை சொல்லிக்கினு கீறோம், நீங்க மாமிக்கு ஜரிகை சொல்லிக்கினு கீறீங்க!" மாமி சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தார், முடியவில்லை. அண்ணாச்சி இஞ்சினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆபரேஷன் கண் அதிரக் கூடாது என்பதற்காகச் சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் மஞ்சள் பல்புகளை அணைத்தேன். இனி யாரை ஏமாற்ற?

இரண்டு கண்

இடது கண் ஆபரேஷனுக்கு முந்தைய ஞாயிறு அண்ணாச்சி நெடுநேரம் குந்தியே இருந்தார். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஒரு சுற்று பார்த்தார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்று.

"இந்தக் கண்ணுக்குப் பச்சை இருக்கு, கோடு இல்ல," என்றார் என்னிடம். "அந்தக் கண்ணுக்குக் கோடு இருக்கு, பச்சை இல்ல."

"அடுத்த வாரம் பச்சை போயிடும் அண்ணாச்சி. வேணும்னா வேற பெயின்ட் அடிச்சிரலாம். மாமிகூட, மறுபடி கோடு போடறேன்னுட்டாங்க."

"சும்மா இருங்க சார். அந்தக் கோட்ட அழிக்கவா?" இஞ்சின் எங்கள் முகத்துக்கு நேராக வந்து, மெல்லத் திரும்பி, தன் நீண்ட நீல உடம்பை முழுக்கக் காட்டிக்கொண்டு போயிற்று. "எந்தக் கலர் அடிச்சா என்ன, மூக்கப் பாத்தீயளா? அதுக்கு எல்லாம் சேரும்."

அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது பல வாரங்களுக்குப் பிறகு.

வள்ளி சொல்லித்தான் மிச்சம் தெரியும். இரண்டு கண்ணும் ஆனபின் முதல் நாள் கடையில் ஓர் அம்மாள் அரக்குப் புடவையும் ரவிக்கைத் துணியுமாக வந்திருக்கிறார். "அண்ணாச்சியக் கூப்பிடுங்க" என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. கடையே பார்த்துக்கொண்டிருந்ததாம். பிறகு எழுந்து, இரண்டையும் வாங்கிக்கொண்டு, வாசலுக்கு நடந்து, திரும்பி, "வள்ளி, நீயும் வா," என்றாராம். "நான் சேரும்னு சொல்லுதேன். இல்லன்னா இங்கயே சொல்லு. உள்ள போயி மாத்தாத."

சேர்ந்ததாம்.

அந்த வாரம் அண்ணாச்சி மாமி வீட்டுக்கு வந்தார். கை கழுவினார். கறுப்புக் கண்ணாடி இல்லை. நாலு பேரும் குந்தினோம். என் முழங்கால் வழக்கம்போல் ஆட்சேபம் தெரிவித்தது. இஞ்சின் ஸ்டேஷனில் தயாராக நின்றது. மாமியின் விரல் வண்டியை ஓட்டும் திருகியின்மேல் இருந்தது.

"இருங்க," என்றார் அண்ணாச்சி. வரிசையாக எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்தார். "மொதல்ல சொல்லுங்க. இது என்ன கலர்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீலம் அண்ணாச்சி," என்றேன்.

"வக்கீலு?"

"நீலந்தான்."

"மாமி?"

"சுத்த நீலம்."

"ம்," என்றார் அண்ணாச்சி. ஒரு கண்ணை மூடிக்கொண்டார். "இப்ப விடுங்க வண்டிய."